ஜேடேபிளில் வரிசை சேர்த்தால் முந்தைய வரிசை காணாமல் போகிறது, உதவுங்கள்

புதுப்பொறியன் | ஞாயிறு இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சித்தப்பாவுக்கு ஒரு சின்ன மளிகைக் கடை, அவருக்காக ஜாவாவில் ஜன்னல், பொத்தான் எல்லாம் செய்யும் ஸ்விங்கில் பில் போடும் புரோகிராம் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன், அதையே கல்லூரியில் புராஜெக்ட்டாகவும் காட்டிவிடலாம் என்று ஒரு கணக்கு. மேலே ஒரு பெட்டியில் பொருளின் குறியீடு, பக்கத்தில் அளவு, அதற்குப் பக்கத்தில் 'சேர்' என்று ஒரு பொத்தான். அழுத்தினால் கீழே உள்ள டேபிளில் (ஸ்விங்கின் ஜேடேபிள்) புதிதாக ஒரு வரிசை சேர வேண்டும். இதற்கு இரண்டு நாள் போய்விட்டது.

நான் செய்தது என்னவென்றால், பொத்தானுக்கான மெத்தடுக்குள்ளேயே அந்தப் பொருளின் விவரத்தை ஒரு இரட்டை அர்ரேயில் போட்டு, அதையும் தலைப்புகளையும் கொடுத்துப் புதிதாக ஒரு ஜேடேபிள் உருவாக்கினேன். திரையில் ஒன்றுமே மாறவில்லை. அப்புறம் அந்தப் புது டேபிளை ஸ்க்ரோல்பேனுக்குள் மாட்டினேன், துவரம்பருப்பு வந்தது. அடுத்து உளுந்து அடித்தேன், உளுந்து வந்தது, துவரம்பருப்பு போய்விட்டது. எத்தனை பொருள் அடித்தாலும் கடைசியாக அடித்தது மட்டும்தான் நிற்கிறது.

வகுப்பில் ஒருவன், டேபிளுக்குப் பின்னால் விவரம் வைத்திருக்கும் மாடலை கெட்மாடலால் எடுத்து, டிஃபால்ட் டேபிள் மாடலாக காஸ்ட் செய்து (இது அந்த வகைதான் என்று ஜாவாவிடம் சொல்லி) ஆட்ரோ போடச் சொன்னான். போட்டால் சிவப்பாக கிளாஸ் காஸ்ட் எக்ஸப்ஷன் வருகிறது. 'ஜேடேபிள் டாலர் 1' என்பதை டிஃபால்ட் டேபிள் மாடலாக மாற்ற முடியாதாம். டாலர் 1 என்று ஒரு கிளாஸை நான் எழுதவே இல்லை. யார் எழுதியது?

நிரல்வண்டி | ஞாயிறு இரவு 9:30

தம்பி, டேபிளைப் பொத்தானுக்குள் உருவாக்காதே. ஃப்ரேம் தொடங்கும்போதே தலைப்பு அர்ரேயும் வரிசை எண்ணிக்கை 0-வும் கொடுத்து ஒரு டிஃபால்ட் டேபிள் மாடல் செய், அதை கிளாஸின் ஃபீல்டாக வைத்துக்கொள், அந்த மாடலைக் கொடுத்து ஒரே ஒரு ஜேடேபிள் செய். பொத்தானில் மாடல் புள்ளி ஆட்ரோ. முடிந்தது. காஸ்ட்டே வேண்டாம், மாடல்தான் கையில் இருக்கிறதே.

பழஞ்சோறு | ஞாயிறு இரவு 10:05

மேலே சொன்னது சரி. ஆனால் ஏன் என்று தெரியாவிட்டால் அடுத்த வாரம் வேறொரு இடத்தில் இதே பள்ளத்தில் விழுவாய், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஜேடேபிளிடம் ஒரு வரிசைகூடக் கிடையாது. தன்னைத் திரையில் வரையும்போது அது மாடலிடம் மூன்று கேள்வி கேட்கும்: மொத்தம் எத்தனை வரிசை, எத்தனை பத்தி, இந்த வரிசையில் இந்தப் பத்தியில் என்ன இருக்கிறது. பதிலை வாங்கி வரைந்துவிட்டு மறந்துவிடும். ஸ்க்ரோல் செய்தால் மறுபடி கேட்கும், அதுவும் கண்ணுக்குத் தெரிகிற கட்டங்களுக்கு மட்டும். ஆகவே 'டேபிளில் வரிசை சேர்ப்பது' என்று ஒரு வேலையே ஸ்விங்கில் இல்லை. ஜேடேபிள் கிளாஸில் ஆட்ரோ என்று தேடிப் பார், இருக்காது. மாடலில் சேர்க்க வேண்டும், சேர்த்ததை மாடல் டேபிளுக்குச் சொல்ல வேண்டும். ஆட்ரோ இந்த இரண்டையும் சேர்த்துச் செய்கிறது.

இப்போது உன் டாலர் 1. இரட்டை அர்ரே கொடுத்து ஜேடேபிள் உருவாக்கினால், அந்த கன்ஸ்ட்ரக்டர் தனக்குள்ளேயே பெயரில்லாத ஒரு கிளாஸாக ஒரு மாடலைச் செய்துகொள்ளும். பெயரில்லாத கிளாஸுக்கு கம்பைலர் வைக்கும் பெயர்தான் டாலர் 1, டாலர் 2 எல்லாம். அந்த மாடல் உன் அர்ரேயை அப்படியே கையில் வைத்திருக்கிறது, ஜாவாவில் அர்ரேயின் நீளத்தைப் பின்னால் கூட்ட முடியாது, அதனால் அதில் ஆட்ரோவும் இல்லை. அதைப் போய் டிஃபால்ட் டேபிள் மாடல் என்று சொன்னால் ஜாவா எப்படி ஒத்துக்கொள்ளும்? வேடிக்கை என்னவென்றால் அர்ரேக்குப் பதில் நீளம் கூட்டக்கூடிய வெக்டர் கொடுத்தாலோ, வரிசை எண்ணிக்கை, பத்தி எண்ணிக்கை என்று இரண்டு எண் கொடுத்தாலோ, ஒன்றுமே கொடுக்காவிட்டாலோ உள்ளே உட்காருவது டிஃபால்ட் டேபிள் மாடல்தான். உன் வகுப்பு நண்பனுக்கு அப்படித்தான் வேலை செய்திருக்கும்.

முதல் தடவை ஒன்றுமே மாறாததற்கும் காரணம் இதே வகைதான். நீ புதிதாக ஒரு டேபிள் செய்தாய், ஆனால் ஃப்ரேமில் மாட்டியிருந்தது பழையது. வேரியபிள் புதியதைக் காட்டுகிறது, திரை பழையதைக் காட்டுகிறது.

புதுப்பொறியன் | திங்கள் காலை 7:48

வந்துவிட்டது அண்ணா! ஆனால் ஒரு கூத்து. கையால் எழுதியதை அழித்துவிட்டு நெட்பீன்ஸ் எடிட்டரின் டிசைனரில் டேபிளை இழுத்துப் போட்டேன், அதில் டிஃபால்ட் மாடல் தானாகவே வந்துவிடுகிறது என்பதால் காஸ்ட் பிழையும் வரவில்லை. ஆனால் துவரம்பருப்பு ஐந்தாவது வரிசையில் போய் உட்காருகிறது. மேலே நான்கு வரிசை காலியாக இருக்கிறது.

நிரல்வண்டி | திங்கள் காலை 8:02

நெட்பீன்ஸ் மாதிரிக்காக 4 வரிசை, 4 பத்தி போட்டு 'டைட்டில் 1, டைட்டில் 2' என்று கொடுக்கும். அந்த நான்கும் 'நல்' (மதிப்பே இல்லை என்பது) நிரம்பிய உண்மையான வரிசைகள், வெறும் அலங்காரம் இல்லை. டிசைனரில் மாடல் என்ற இடத்தைத் திறந்து வரிசையை 0 ஆக்கு, இல்லாவிட்டால் கன்ஸ்ட்ரக்டரில் செட்ரோகவுண்ட் 0 போடு. ஒரு பில் முடிந்து அடுத்த பில்லுக்கு டேபிளைத் துடைக்கவும் இதே செட்ரோகவுண்ட் 0 போதும்.

இன்னொன்று. ஆட்ரோவுக்கு அர்ரே கொடுத்தால் அது நகல் எடுத்துக்கொள்ளும். வெக்டர் கொடுத்தால் அதே வெக்டரைத்தான் வைத்துக்கொள்ளும். நான் ஒரு காலத்தில் ஒரே வெக்டரைத் துடைத்துத் துடைத்து நிரப்பி ஆட்ரோ செய்துகொண்டிருந்தேன், 10 வரிசையிலும் ஒரே சர்க்கரை. அன்றைக்கு ராத்திரி தூக்கம் போனதுதான் மிச்சம்.

சிஷார்ப்_சித்தன் | திங்கள் காலை 10:20

ஜாவா ஆட்கள் நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். சிஷார்ப் வின்ஃபார்ம்ஸில் இதே வேலைக்கான டேட்டாகிரிட்வியூவில் ரோஸ் புள்ளி ஆட் நேராக இருக்கிறதே, இவ்வளவு சுற்று எதற்கு என்று சொல்லத்தான் வந்தேன். ஆனால் எழுதும்போதே நினைவு வந்தது, அங்கேயும் டேட்டாசோர்ஸ் கொடுத்துவிட்டால் ரோஸ் புள்ளி ஆட் எக்ஸப்ஷன் எறியும், மூலத்தில்தான் சேர்க்க வேண்டும். அந்த மூலம் சாதாரண லிஸ்ட் ஆக இருந்தால் சேர்த்தது கிரிட்டுக்குத் தெரியவே தெரியாது, பைண்டிங்லிஸ்ட் ஆக இருந்தால் தெரியும். ஆக அதே கதைதான்.

அங்கே கூடுதலாக ஒரு தொல்லை உண்டு: கடைசியில் நட்சத்திரக் குறியோடு ஒரு காலி வரிசை எப்போதும் நிற்கும். மொத்தத் தொகைக்கு எல்லா வரிசையையும் கூட்டுகிற லூப் அந்தக் காலி வரிசையில் போய் நல் என்று விழும். அலவ்யூசர்டுஆட்ரோஸை ஃபால்ஸ் ஆக்காமல் விட்டவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது அதில் விழுந்திருப்பார்கள்.

யாழ்ப்பனை | திங்கள் பகல் 12:40

சி++ ஆட்கள் திரை செய்யும் க்யூட்டியிலும் கிட்டத்தட்ட இப்படித்தான். க்யூடேபிள்விட்ஜெட்டில் இன்சர்ட்ரோ போட்டுவிட்டு ஒவ்வொரு கட்டமாக செட்ஐட்டம் செய்ய வேணும். வரிசைப்படுத்தலை இயக்கி வைத்துக்கொண்டு அதைச் செய்தால், வரிசைப்படுத்தும் பத்தியில் ஐட்டம் வைத்த அந்த நொடியே அந்த வரிசை வேறு இடத்துக்கு ஓடிவிடும், மிச்சக் கட்டங்கள் வேறு வரிசையில் போய் விழும். பெயர் ஓரிடம், விலை ஓரிடம். சேர்க்கும் முன் அதை நிறுத்தி, சேர்த்து முடிந்த பிறகு இயக்குங்கோ.

புதுப்பொறியன் | திங்கள் இரவு 9:55

அடுத்த சிக்கல். பத்திகள் ஐந்து: பெயர், அளவு, விலை, ஜிஎஸ்டி, தொகை. வாடிக்கையாளர் 'ரெண்டு கிலோ வேண்டாம், ஒண்ணு போதும்' என்றால் சித்தப்பா டேபிளிலேயே அளவை மாற்ற வேண்டும், தொகை தானாக மாற வேண்டும். மாடல் மாறினால் கூப்பிடப்படும் ஒரு லிஸனர் வைத்து டேபிள்சேஞ்ச்டுக்குள் செட்வேல்யூஅட் போட்டுத் தொகையை மாற்றினேன். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. கன்சோல் முழுக்க ஒரே இரண்டு மூன்று வரிகள் நூறு நூறாக ஓடுகின்றன.

கோவை_நிரலி | திங்கள் இரவு 10:31

அளவு மாறினால் லிஸனர் கூப்பிடப்படுகிறது, லிஸனர் தொகையை மாற்றுகிறது, தொகை மாறியதும் ஒரு மாற்றம்தான், அதனால் லிஸனர் மறுபடி கூப்பிடப்படுகிறது. முடிவே இல்லை. 'மாறியது அளவுப் பத்தி என்றால் மட்டும்' என்று ஒரு இஃப் வைத்தால் நிற்கும். ஆனால் அது ஒட்டுப்போடுகிற வேலை.

நான் கேட்பது, தொகையை எதற்காகச் சேமித்து வைக்கிறாய்? அளவும் விலையும் இருந்தால் தொகை வந்துவிடுமே. டிஃபால்ட் டேபிள் மாடலில் எல்லாக் கட்டமும் தனித்தனிச் சரக்கு, அதனால் தொகையையும் ஒரு சரக்காக உள்ளே வைத்துவிட்டு அதைச் சரியாக வைத்திருக்கப் போராட வேண்டியிருக்கிறது. அப்ஸ்ட்ராக்ட் டேபிள் மாடலை எக்ஸ்டெண்ட் செய்து சொந்தமாக ஒரு மாடல் எழுது. உள்ளே 'பில்வரிசை' என்ற உன் கிளாஸின் அர்ரேலிஸ்ட் ஒன்று. கெட்ரோகவுண்ட் என்றால் லிஸ்டின் சைஸ், கெட்காலம்கவுண்ட் என்றால் 5, கெட்வேல்யூஅட்டில் பத்தி எண்ணுக்கு ஒரு ஸ்விட்ச். தொகைப் பத்தி வந்தால் அந்த இடத்திலேயே பெருக்கித் திருப்பிக் கொடு. எங்கேயும் சேமிக்காதே. சேமிக்காத ஒன்று தப்பாகவும் இருக்க முடியாது.

சேர்ப்பதற்கு ஒரு மெத்தட்: லிஸ்டில் ஆட் செய்துவிட்டு, சைஸிலிருந்து 1 கழித்து, அந்த எண்ணையே தொடக்கமாகவும் முடிவாகவும் கொடுத்து ஃபயர்டேபிள்ரோஸ்இன்சர்டட், அதாவது 'புது வரிசை வந்தது' என்று டேபிளுக்குச் சொல்வது. முதலில் லிஸ்ட், அப்புறம் ஃபயர். மாற்றிச் செய்தால், டேபிளில் வரிசைப்படுத்தும் ரோசார்ட்டர் இருந்தால் இல்லாத வரிசையைக் கேட்டு எக்ஸப்ஷன் எறியும். ஃபயரை மறந்துவிட்டால் லிஸ்டில் பொருள் இருக்கும், திரையில் இருக்காது.

நிரல்வண்டி | திங்கள் இரவு 10:50

அம்மா தாயே, பையன் இப்போதுதான் ஆட்ரோவையே கண்டுபிடித்திருக்கிறான். அவனிடம் போய் ஆறு மெத்தட் ஓவர்ரைடு செய்யச் சொல்கிறீர்கள். ஒரு இஃப் போட்டால் தீருகிற விஷயம். ஒரு பில்லில் 30, 40 வரிசை வரும், அதற்கு டிஃபால்ட் மாடல் தாராளம். நான் பத்து வருடமாக அதில்தான் பிழைப்பு நடத்துகிறேன்.

கோவை_நிரலி | திங்கள் இரவு 11:08

எண்ணிக்கை பற்றி நான் பேசவே இல்லை. 4 வரிசையாக இருந்தாலும் இதேதான் சொல்வேன். பில்லைச் சேமிக்கும்போது என்ன செய்வீர்கள்? கெட்வேல்யூஅட் போட்டு ஆப்ஜெக்ட்டாக எடுத்து, ஸ்ட்ரிங்காக்கி, அதை மறுபடி எண்ணாக்கி, 2ஆவது பத்தி அளவா விலையா என்று விரல்விட்டு எண்ணி. நடுவில் கடைக்காரர் ஒரு பத்தி கூடக் கேட்டால் அத்தனை எண்களும் நகரும். என் லிஸ்டில் அது பில்வரிசை ஆப்ஜெக்ட், அளவு வேண்டுமென்றால் அளவு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டிஃபால்ட் மாடலில் கெட்காலம்கிளாஸ் எல்லாப் பத்திக்கும் ஆப்ஜெக்ட் என்றே சொல்லும். அதனால் எண்கள் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும், தலைப்பைக் கிளிக் செய்து வரிசைப்படுத்தினால் 100 முன்னால் வரும் 25 பின்னால் வரும், எழுத்தாக ஒப்பிடுகிறது அல்லவா. பத்தியின் வகை பிக்டெசிமல் (தசம எண்ணைத் துல்லியமாக வைக்கும் வகை) என்று சொன்னால் தானாகவே வலப்பக்கம் ஒதுங்கும், எண்ணாகவே வரிசைப்படும். ஆமாம் தம்பி, பணத்துக்கு டபுள் வேண்டாம். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பார், 0.30000000000000004 வரும். பில்லில் அதைப் பார்த்தால் சித்தப்பா உன்னைத்தான் கேட்பார்.

பழஞ்சோறு | செவ்வாய் காலை 6:30

இரண்டு பேருக்கும் இடையில் விழ எனக்கு ஆசை இல்லை, ஆனால் இந்த வழக்கில் என் ஓட்டு கோவைக்குத்தான். டிஃபால்ட் மாடல் நல்ல மாடல், வெறுமே காட்டுவதற்கு அது போதும். உள்ளே வெக்டர் வைத்துக்கொண்டு ஓடுகிற பழைய ஆள், ஸ்விங்கே 1998 டிசம்பரில் ஜாவா 1.2-ஓடு சேர்ந்து வந்தது என்றால் பார்த்துக்கொள். ஆனால் ஒரு பத்தி இன்னொரு பத்தியைச் சார்ந்து நிற்கும்போது சொந்த மாடல்தான் நிம்மதி. பில்லில் தொகை அளவைச் சார்ந்தது, வரி விலையைச் சார்ந்தது, மொத்தம் எல்லாவற்றையும் சார்ந்தது.

ஜிஎஸ்டி விகிதத்தை ஸ்விட்சுக்குள் எண்ணாக எழுதிவிடாதே. 2025 செப்டம்பர் 22 அன்று 12, 28 அடுக்குகள் போய்ப் பெரும்பாலான பொருள்கள் 5, 18-க்குள் வந்தனவே, நெய்யும் வெண்ணெயும் 12-இலிருந்து 5, டூத்பேஸ்ட் 18-இலிருந்து 5, அன்றைக்குக் கோடில் விகிதம் எழுதியவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதில் ஒருவன். விகிதம் பொருள் பட்டியலில் இருக்க வேண்டும், பில் போடும் நொடியில் அதை பில்வரிசைக்குள் நகல் எடுத்து வைக்க வேண்டும். பட்டியலையே பார்த்துக் கணக்கிட்டால், விகிதம் மாறிய மறுநாள் பழைய பில்லைத் திறந்தால் பழைய பில்லும் புது விகிதத்தில் காட்டும். ஆடிட்டர் சிரிக்க மாட்டார்.

புதுப்பொறியன் | புதன் இரவு 10:15

சொந்த மாடல் எழுதிவிட்டேன். அக்கா, நீங்கள் சொன்னபோது பெரிதாகத் தெரிந்தது, எழுதினால் 70 வரிகூட இல்லை. அளவை மாற்றினால் தொகை மாறுகிறது, செட்வேல்யூஅட்டில் அந்த வரிசைக்கு மட்டும் ஃபயர்டேபிள்ரோஸ்அப்டேட்டட் போட்டேன். முதலில் எதற்கெடுத்தாலும் ஃபயர்டேபிள்ஸ்ட்ரக்சர்சேஞ்ச்டு போட்டிருந்தேன், பொருள் சேர்க்கும் ஒவ்வொரு தடவையும் நான் பார்த்துப் பார்த்து வைத்த பத்தி அகலமெல்லாம் பழையபடி ஆகிவிட்டது, அப்புறம் புரிந்து எடுத்துவிட்டேன்.

இன்று கடையில் வைத்துப் பார்த்தோம். இரண்டு பிரச்சினை.

ஒன்று, தமிழில் பெயர் எழுதினால் எழுத்தின் மேலும் கீழும் வெட்டுப்படுகிறது. 'மிளகு' என்றால் 'கு'-வின் கீழ் வளைவு பாதி காணோம், 'கீ' என்றால் மேல் சுழி காணோம்.

இரண்டாவதுதான் பயம். பார்கோடு ஸ்கேனர் வாங்கியிருக்கிறார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று துவரம்பருப்பின் அளவு 14 இலக்க எண்ணாக மாறிவிட்டது, தொகை கட்டத்தில் அடங்காமல் மூன்று புள்ளியோடு நிற்கிறது. வைரஸா? எண் 1890 என்று ஆரம்பிக்கிறது. சித்தப்பா தொட்டதே இல்லை என்று சத்தியம் செய்கிறார்.

சிஷார்ப்_சித்தன் | புதன் இரவு 10:22

1890 முதல் பருப்பு விற்கிறார் போல.

பழஞ்சோறு | புதன் இரவு 10:40

சித்தப்பா தொட்டிருக்கிறார், அவருக்கே தெரியாமல். முன்னால் நிற்கும் 1-ஐ எடுத்துவிட்டுப் பார், 890 என்று தொடங்கும் 13 இலக்கம் மிஞ்சும். 890 என்பது இந்தியாவில் பதிவான பார்கோடுகளின் தொடக்கம், கையில் கிடைக்கிற எந்தப் பிஸ்கட் பாக்கெட்டையும் திருப்பிப் பார். அந்த 1 என்பது பருப்பின் அளவு, ஒரு கிலோ.

நடந்தது இது. ஸ்கேனர் கம்ப்யூட்டருக்கு வெறும் கீபோர்டுதான். படித்த எண்ணை வேகமாக டைப் செய்து கடைசியில் என்டரைத் தட்டும், கர்சர் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. அவர் அளவுக் கட்டத்தைக் கிளிக் செய்து பார்த்துவிட்டு, குறியீட்டுப் பெட்டிக்குத் திரும்பாமல் அடுத்த பாக்கெட்டை ஸ்கேன் செய்திருக்கிறார். ஜேடேபிளில் ஒரு கட்டம் தேர்வாகி இருக்கும்போது ஏதாவது டைப் செய்தால் அது எடிட்டிங்கைத் தொடங்கிவிடும், அதுவும் இருப்பதை அழித்துவிட்டு இல்லை, இருப்பதன் வாலில் ஒட்டி. 1-க்குப் பின்னால் 13 இலக்கம், அப்புறம் ஸ்கேனரின் என்டர், மாடலில் ஏறிவிட்டது. அளவு முழு எண் வகையான இன்டிஜராக இருந்திருந்தால் அத்தனை பெரிய எண் கொள்ளாமல் கட்டம் சிவப்புக் கோட்டோடு நின்றிருக்கும். கிலோவுக்காக பிக்டெசிமல் வைத்திருக்கிறாய், அது எத்தனை வந்தாலும் விழுங்கும்.

செய்ய வேண்டியவை: இஸ்செல்எடிட்டபிளில் அளவுப் பத்திக்கு மட்டும் ட்ரூ. செட்வேல்யூஅட்டில் 0-க்கு மேல் 999-க்குள் இல்லையென்றால் ஏற்காதே, பழைய அளவே இருக்கட்டும். எடிட்டிங் முடிந்ததும், ஒவ்வொரு வரிசை சேர்ந்ததும், குறியீட்டுப் பெட்டிக்கு ரிக்வெஸ்ட்ஃபோகஸ்இன்விண்டோ. மூன்றும் வேண்டும், ஒன்று மட்டும் போதாது.

எழுத்து வெட்டுப்படுவதற்குக் காரணம் வரிசை உயரம். ஜேடேபிள் தானாக எடுத்துக்கொள்வது 16 பிக்சல், அது ஆங்கில எழுத்துக்குப் பார்த்து வைத்தது. செட்ரோஹைட் 28 போட்டுப் பார், அல்லது எழுத்துருவின் ஃபாண்ட்மெட்ரிக்ஸைக் கேட்டு அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துக்கொள்.

யாழ்ப்பனை | புதன் இரவு 11:02

அளவுக் கட்டத்தில் 8 இலக்கத்துக்கு மேல் வந்தால் அதைப் பார்கோடு என்றே எடுத்துக்கொண்டு புதுப் பொருளாகச் சேர்த்துவிடலாமே? கடைக்காரருக்கு லேசு.

கோவை_நிரலி | புதன் இரவு 11:10

வேண்டாம் என்பேன். முன்னால் ஒட்டி நிற்கும் அந்த 1-ஐ யார் பிரிப்பது? அளவு 12 ஆக இருந்தால், 2.5 ஆக இருந்தால்? ஏற்காமல் விட்டு ஒரு பீப் சத்தம் கொடுத்தால் அவரே மறுபடி ஸ்கேன் செய்வார், ஒரு நொடி வேலை.

அதைவிட முக்கியமாக, ஒரே பொருளை இரண்டு தடவை ஸ்கேன் செய்தால் இரண்டு வரிசை வருகிறதா? அதைச் சரிசெய். சேர்க்கும் மெத்தடில் முதலில் லிஸ்டைத் தேடு, அதே பார்கோடு இருந்தால் அளவை 1 கூட்டி அந்த வரிசைக்கு ரோஸ்அப்டேட்டட், இல்லாவிட்டால்தான் புது வரிசை. ஹேஷ்மேப் எல்லாம் வேண்டாம், 40 வரிசையைத் தேடக் கம்ப்யூட்டருக்குக் கண்ணிமைக்கிற நேரம்கூட ஆகாது. ஐந்து சோப்பு வாங்கினால் ஐந்து வரிசை வந்து நிற்பதை எந்தக் கடைக்காரரும் விரும்ப மாட்டார்.

புதுப்பொறியன் | வெள்ளி இரவு 9:20

எல்லாம் செய்தேன். நீக்குவதில் மாட்டிக்கொண்டேன். மூன்று வரிசையைத் தேர்ந்தெடுத்து நீக்கினால் வேறு எதையோ நீக்குகிறது, சில சமயம் எக்ஸப்ஷன்.

நிரல்வண்டி | வெள்ளி இரவு 9:33

மேலிருந்து கீழே நீக்குகிறாய். 2-ஐ எடுத்ததும் 3 இருந்தது 2 ஆகிவிடும், நீ இன்னும் 3 என்று நினைத்துக்கொண்டிருப்பாய். கெட்செலெக்டட்ரோஸ் கொடுக்கும் அர்ரேயைப் பின்னாலிருந்து ஓட்டு. தலைப்பைக் கிளிக் செய்து வரிசைப்படுத்தும் வசதி வைத்திருந்தால் அது கொடுக்கும் எண் திரையில் உள்ள எண், லிஸ்டில் உள்ள எண் வேறு, ஒவ்வொன்றையும் கன்வர்ட்ரோஇண்டெக்ஸ்டுமாடல் வழியாக அனுப்ப வேண்டும், அனுப்பிய பிறகு பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிவிட்டு நீக்கு. பில் டேபிளுக்கு வரிசைப்படுத்தலே எதற்கு என்பது என் கேள்வி. எடுத்துவிடு, பாதித் தலைவலி போகும்.

கோவை_நிரலி | வெள்ளி இரவு 9:41

இதில் நிரல்வண்டியோடு முழுச் சம்மதம். தேதி குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

புதுப்பொறியன் | ஞாயிறு மாலை 5:05

வரிசைப்படுத்தலை எடுத்துவிட்டேன். பொருள் பட்டியலுக்குத் தனித் திரை இருக்கிறது, அதில் மட்டும் வைத்திருக்கிறேன். அங்கே எஸ்க்யூலைட் டேட்டாபேஸிலிருந்து 6,000 பொருள் வரும்போது ஜன்னல் உறைந்துபோய் வெள்ளையாக நிற்கிறது. அது ஒன்று. இன்னொன்று, சித்தப்பா கேட்பது: கடைசியாகச் சேர்த்த பொருள் டேபிளில் மேலே வர வேண்டுமாம். கீழே போனால் எதிரில் நிற்கும் வாடிக்கையாளருக்குத் தெரிவதில்லை, ஸ்க்ரோல் செய்ய வேண்டியிருக்கிறது. ஆனால் அச்சடிக்கும் பில்லில் சேர்த்த வரிசையிலேயே இருக்க வேண்டுமாம்.

கோவை_நிரலி | ஞாயிறு மாலை 6:20

உறைவதற்குக் காரணம், திரையை வரைகிற அதே த்ரெட்டில் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை ஓட்டம்) டேட்டாபேஸைப் படிக்கிறாய். அது படித்து முடிக்கும் வரை வரைய ஆளில்லை. வேலையைப் பின்னணியில் செய்யும் ஸ்விங்வொர்க்கர் போடு, ஜாவா 6-இலிருந்து உள்ளேயே இருக்கிறது. டூஇன்பேக்ரவுண்டில் படி, டன்னில் மாடலிடம் கொடு. படிக்கும் த்ரெட்டிலிருந்தே மாடலைத் தொட்டுவிடாதே, சில நாள் வேலை செய்யும், சனிக்கிழமைக் கூட்டத்தில் காலை வாரும். 6,000-க்கும் தனித்தனியாக ஃபயர் செய்யாமல், ஆட்ஆல் போட்டுவிட்டு முதல் எண், கடைசி எண் கொடுத்து ஒரே ஒரு ரோஸ்இன்சர்டட்.

பழஞ்சோறு | ஞாயிறு மாலை 6:55

மேலே வர வேண்டும் என்பதற்கு லிஸ்டைத் தலைகீழாக்காதே. லிஸ்டில் வழக்கம்போலக் கடைசியிலேயே சேர். கெட்வேல்யூஅட்டில் டேபிள் 0ஆவது வரிசையைக் கேட்டால் லிஸ்டின் கடைசியைக் கொடு, அதாவது சைஸ் கழித்தல் 1 கழித்தல் கேட்ட எண். சேர்த்ததும் ஃபயர்டேபிள்ரோஸ்இன்சர்டட்டுக்கு 0, 0. அச்சடிக்கும்போது லிஸ்டை முதலிலிருந்து ஓட்டு. இந்தக் கழித்தலை ஒரு தனி மெத்தடாக வைத்து, செட்வேல்யூஅட்டிலும் நீக்குவதிலும் அதையே கூப்பிடு, ஓரிடத்தில் விட்டுப்போனால் பருப்பை மாற்றப் போய்ச் சோப்பு மாறும். அளவு கூடிய பழைய வரிசைக்கு அப்டேட்டட் போடும்போதும் திரும்பிய எண்தான், அதையும் பார்த்துக்கொள்.

புதுப்பொறியன் | செவ்வாய் இரவு 10:48

அண்ணா, நீங்கள் சொன்ன அந்தக் கடைசி இடத்தில்தான் விட்டிருந்தேன். இரண்டாவது சோப்பை ஸ்கேன் செய்தால் அளவு கூடவில்லை என்று சித்தப்பா மூன்று தடவை ஸ்கேன் செய்திருக்கிறார், உள்ளே நான்கு ஆகியிருக்கிறது, திரையில் ஒன்று. வேறு எதையோ கிளிக் செய்ததும் நான்காக மாறிவிட்டதாம். திருத்திவிட்டேன், இன்று முழுக்க ஓடியது.

இப்போது 'பற்று' என்று ஒரு பத்தி வேண்டும் என்கிறார். யார் யார் எவ்வளவு பாக்கி என்று. அதைத் தனி இழையில் கேட்கிறேன்.